தூக்குச்சட்டியில் அளந்த கடல்

கடலில் இறக்குவதற்கென்றே நான் வாங்கிய முதல் பாத்திரம் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி. சிராங்கூன் சாலைப் பாத்திரக்கடையில் மூடி வேண்டாம் என்று சொன்னேன். கடைக்காரர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "மூடியில்லாத தூக்கைக் கொண்டுபோனா உங்க வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுவார்" என்று மூடியையும் பையில் போட்டார். என் கணவர் அவரைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை காலை, கிழக்குக் கரையில் கடலுக்குள் நீளும் படகுத்துறையின் முனையில், அந்தத் தூக்கை நைலான் கயிற்றில் கட்டி நான் தண்ணீரில் இறக்கியபோது, அவர் என்னை அறியாதவர்போல் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"என்னம்மா, தீர்த்தம் எடுக்க வந்தியா?" என்று கேட்டார் ஒருவர். தோ பாயோ வட்டாரத்திலிருந்து வருபவர். அங்கே தூண்டில் போடும் தமிழர்களில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அண்ணன்.

"தண்ணி எவ்வளவு சூடுன்னு பாக்கறேண்ணே."

"ஏன், குளிக்கப் போறியா? ஹீட்டர் போட்டுத் தரவா?"

தடுப்புக்கம்பியோரம் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். தள்ளி நின்ற என் கணவரும் சிரித்தார்.

ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் எனக்கு வேலை. வெப்பமானிகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது அதில் ஒரு பங்கு. அதற்கு வெளியே, நாள் குறித்து வைப்பது என் பழக்கம். எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே அங்சானா மரம் மஞ்சள் பூவைக் கொட்டிய நாள், குயில் விடியலில் முதலில் கூவிய நாள், வடகிழக்குக் காற்று நின்று ஜன்னல் திரை அசையாமல் தொங்கிய நாள், இவற்றையெல்லாம் ஆங்கிலத் தேதியோடும் தமிழ்த் தேதியோடும் சொல்ல எனக்கு வரும். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவள் நான். பழைய கப்பல்களில் மாலுமிகள் கித்தான் வாளியால் கடல்நீரை மொண்டு வெப்பம் பார்த்தார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். கித்தான் வாளிக்கு எங்கே போவது? தூக்குக்கு ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டேன். இரண்டு முறை முக்கி எடுத்து, பாத்திரமும் கடலும் ஒரே சூட்டுக்கு வந்தபின், மூன்றாம் முறை மொண்டதில் வெப்பமானியை நிறுத்துவேன்.

இவ்வளவும் ஒரு மீனுக்காக. தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்று விற்பதை இங்கே நாங்களும் தெங்கிரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சந்தையில் எந்த நாளும் துண்டு போட்டுக் கிடைக்கும். ஆனால் கரையிலிருந்து தூண்டிலில் பிடிப்பது வேறு விஷயம். ஆண்டின் பெரும்பகுதி அது இந்தப் பக்கம் தலைகாட்டாது. காற்று ஓய்ந்து, கலங்கல் அடங்கி, தண்ணீர் சூடேறும்போது தம்பான் என்கிற மத்தி இனத்துச் சிறுமீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். அதைத் துரத்திக்கொண்டு தெங்கிரி வரும். சில நாள்தான். பிறகு போய்விடும். இளவேனில் என்று நாம் சொல்லும் பருவம் இந்தத் தீவின் மரங்களில் தெரியாது. கடலில் தெரியும்.

என் கணவர் பேருந்து ஓட்டுநர். தூண்டில் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு தெங்கிரியாவது பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரோடு நிற்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்றாவது பிடித்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் வாய்க்கவில்லை. காரணம் அவர் கையில் இல்லை, விடுப்பில் இருந்தது. தொடர்ந்து நாலைந்து நாள் காலையும் மாலையும் நின்றால்தான் அந்த மீன் கிடைக்கும். அவருக்கோ ஷிஃப்ட் வேலை. ஒரு முழு வாரம் விடுப்பு வேண்டுமென்றால் வெகு முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மாற்ற முடியாது. ஆகவே மீன் எப்போது வரும் என்பது எங்கள் வீட்டில் லீவு எப்போது போடுவது என்ற கேள்வியாகிவிட்டது. தண்ணீர் சூடேறுவதைப் பின்தொடர்ந்தால் பதில் கிடைக்கும் என்று சொன்னவள் நான்.

முதல் ஆண்டு நான் சொன்ன வாரத்தில் அவர் போனார். கெளுத்தி கிடைத்தது. இரண்டாம் ஆண்டும் நான் சொன்ன வாரத்தில் போனார். கெளுத்திகூடக் கிடைக்கவில்லை. அவர் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில், டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசிக்குப் படங்கள் வந்தன. தோ பாயோ அண்ணன் ஒரு தெங்கிரியைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிறார். கூடவே குரல் செய்தி: "தம்பி, உன் வீட்டு டாக்டரம்மாகிட்ட கேளு, கடலுக்கு இன்னும் காய்ச்சல் இருக்கான்னு."

அன்று மாலை வீட்டுக்கு வந்து அதை எனக்கும் போட்டுக் காட்டினார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டேதான் காட்டினார். பிறகு தூண்டில்களை எடுத்துத் துடைத்து, உறையிலிட்டு, கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"அடுத்த வருஷமும் தவறிச்சுன்னா வித்துடலாம்னு இருக்கேன். சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு."

அந்தத் தூண்டில்களைத் தவிர அவர் தனக்கென்று ஆசைப்பட்டு எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

நான் செய்த பிழை மூன்றாம் ஆண்டுத் தை மாதத்தில், ஒரு மழையால் தெரியவந்தது. வழக்கம்போல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மொண்டு பார்த்தேன். தூறல் தொடங்கிப் பெருமழையானது. படகுத்துறையின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றேன். மழை விடவே இல்லை. கையில் வாசிக்க எதுவும் கொண்டுவரவில்லை. பொழுது போகாமல், மழை சற்றுக் குறைந்தபோது மீண்டும் தூக்கை இறக்கினேன். வெப்பமானி முன்னைவிட ஒரு டிகிரிக்கும் மேல் கூடக் காட்டியது. கெட்டுவிட்டதோ என்று துடைத்து மறுபடி வைத்தேன். அதே அளவு. காலையில் நான் வந்தபோது மிதந்துபோன குப்பையும் பாசியும் இடமிருந்து வலமாகப் போனது நினைவிருந்தது. இப்போது அவை வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் மொண்டது வற்றத்தில் கரையிலிருந்து வடியும் தண்ணீர். ஆழமில்லாத மணல்மேல் இரவெல்லாம் கிடந்து குளிர்ந்தது, கால்வாய்கள் கொண்டுவந்த மழையும் கலந்தது. இப்போது மொண்டது ஏற்றத்தில் வெளியிலிருந்து வரும் கடல். ஒரே இடம், ஒரே காலை, இரண்டு வேறு தண்ணீர். ஏற்றமும் வற்றமும் சந்திரனைப் பார்த்து நடப்பவை. நாளுக்கு நாள் தள்ளிப்போகும். ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்த சனிக்கிழமை அதே ஏழு மணிக்கு வற்றம். இரண்டு ஆண்டுகளாக நான் சனிக்கிழமை தவறாமல், ஏழு மணி தவறாமல் அளந்தேன். நாள் பிசகக் கூடாது, மணி பிசகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்தால்தான் தண்ணீர் பிசகியது. எங்கள் வீட்டுச் சமையலறையில் திதி போட்ட நாள்காட்டி தொங்குகிறது. அமாவாசை, பௌர்ணமி பார்த்துத்தான் மீன் சமைக்கிறேன், சமைக்காமல் விடுகிறேன். கடலை அளக்கப் போனபோது மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று ஈரப் புடவையோடு வீடு வந்து சேர்ந்து என் பழைய அளவுகளையெல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் அந்த நேரத்தில் ஏற்றமா வற்றமா என்று தேடிப் பார்த்தேன். வற்றத்தில் எடுத்தவற்றை அடித்துவிட்டேன். இரண்டு ஆண்டு உழைப்பில் பாதி போயிற்று. நாள் குறிப்பவளுக்கு அது விரலை வெட்டிக்கொள்வதுபோல. ஆனால் மிஞ்சியவை மேலும் கீழும் துள்ளவில்லை. தையில் அடிமட்டத்துக்கு இறங்கி, மாசியில் மெல்ல எழும்பி, பங்குனி முழுக்க ஏறிச் சீராகப் போயின. இரண்டு ஆண்டிலும் மற்றவர்கள் தெங்கிரி பிடித்த நாள்களை நான் குறித்து வைத்திருந்தேன். இரண்டு முறையும் ஏற்றத்துத் தண்ணீர் இருபத்தொன்பது டிகிரியைத் தாண்டி நிலைத்தபின் வந்த பெரிய ஏற்றத்தில்தான் மீன் வந்திருந்தது. பெரிய ஏற்றம் என்றால் அமாவாசையை ஒட்டி, அல்லது பௌர்ணமியை ஒட்டி.

அதன்பின் ஏழு மணியை விட்டேன். உச்ச ஏற்றம் எப்போதோ அப்போது போனேன். சில வாரம் விடியலில், சில வாரம் வேலை முடிந்து மாலையில். தண்ணீரின் சூடு வழக்கத்தைவிடத் தாமதமாக ஏறிக்கொண்டிருந்தது.

விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தைய மாலை. அவர் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எந்த வாரம்?" என்றார்.

"அண்ணன் என்ன சொல்றார்?"

"மார்ச் ஸ்கூல் லீவுல போடுன்னு சொல்றார். எல்லாரும் அதான் போடறாங்க."

"அதுல வராதுங்க. தண்ணி இன்னும் குளிர்ச்சியா இருக்கு. இப்ப ஏறுற வேகத்துல பாத்தா பங்குனி உத்திரத்துக்கும் வராது. அதுக்கு அடுத்த அமாவாசை. சித்திரை பொறக்கிற சமயம்."

"அமாவாசைக்கா?"

"அந்த வாரம்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "போன தடவையும் இப்படித்தான் ரொம்ப உறுதியா சொன்னே."

"போன தடவை தப்பாச் சொன்னேன். ஏன் தப்புன்னு இப்பத் தெரியும்."

பெட்டியை எடுத்துக் காலரைத் தேய்த்தார். "சரி. போட்டுடறேன்" என்றார்.

அவ்வளவுதான். வாதமில்லை. அந்தச் சரிதான் எனக்குப் பாரமாக இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்க நேரமாயிற்று.

மார்ச் பள்ளி விடுமுறையில் படகுத்துறை நிரம்பியது. ஒன்றும் வரவில்லை. நான் தூக்கோடு போன மாலையில் தோ பாயோ அண்ணன் சும்மா இருக்கவில்லை. "என்ன டாக்டரம்மா, பேஷண்ட் எப்படி?" என்றார். "இன்னும் குளிர்ஜுரம்தாண்ணே, போய் ரெஸ்ட் எடுங்க" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் பங்குனி உத்திரத்தை ஒட்டி யாரோ ஒருவர் ஒரு தெங்கிரி பிடித்துவிட்டார். ஒன்றே ஒன்று. படம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் கணவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், என்னிடம் நீட்டினார், வேலைக்குக் கிளம்பினார். பின்னால் கூட்டம் வரவில்லை, தம்பானே இன்னும் வரவில்லை, இது வழி தப்பி வந்தது என்று நான் கதவு வரை போய்ச் சொன்னேன். மின்தூக்கி மூடிக்கொண்டது. அன்று இரவு உச்ச ஏற்றத்தில் போய் அளந்தேன். இருபத்தொன்பதுக்குச் சற்றுக் கீழே. நான் சொன்னது மாறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

அவருடைய விடுப்பு வாரம் திங்கட்கிழமை தொடங்கியது. எனக்கும் பள்ளியில் சில நாள் விடுப்பு மிச்சமிருந்தது. போட்டுவிட்டேன். வெப்பமானி இருபத்தொன்பதைத் தாண்டியிருந்தது. மீன் இல்லை. செவ்வாய் விடியுமுன் சுமத்ரா பக்கமிருந்து புயல்காற்று அடித்து, கடல் காப்பிபோலக் கலங்கிவிட்டது. அன்று முழுக்க நின்றோம். அண்ணன் மட்டும் வந்து பார்த்தார். கேலி செய்யவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "தம்பி, தூண்டில விக்கிறதுன்னா என்கிட்ட சொல்லு, வெளிய குடுத்துடாதே" என்று தாழ்ந்த குரலில் என் கணவரிடம் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது.

புதன் அமாவாசை. அவர் தம் தகப்பனாருக்கு எள்ளும் நீரும் விட்டுவிட்டு வெறும் காப்பியோடு கிளம்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது. முதல் தூக்கை மொண்டு மேலே இழுத்தபோது பாத்திரத்துக்குள் ஏதோ பளிச்சிட்டது. விரல் நீளத் தம்பான் ஒன்று. தடுப்புக்கம்பியில் குனிந்து பார்த்தேன். தூண்களைச் சுற்றி வெள்ளிக்காசை அள்ளி இறைத்தாற்போல் கூட்டம். நான் வெப்பமானியை மறந்துவிட்டேன். அந்த ஆண்டில் துறைக்குப் போயும் நான் அளக்காமல் விட்ட ஏற்றம் அது ஒன்றுதான்.

"என்னங்க, சீக்கிரம்!"

அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். பல முள் கட்டிய நூலைத் தொங்கவிட்டு நாலைந்து தம்பானை இழுத்தார். உயிருள்ள ஒன்றை மெல்லிய கம்பி கட்டிய முள்ளில் கோத்தார், தெங்கிரியின் பல் நூலை அறுத்துவிடும் என்பதற்காக அந்தக் கம்பி. நூலில் ஒரு பலூன். பிறந்தநாள் வீட்டுப் பலூன்தான், சிவப்பு. ஊதிக் கட்டினால் நீரோட்டமும் காற்றும் இரையைத் தொலைவுக்கு இழுத்துப் போகும். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அண்ணன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். யாரோ அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை இறக்கிக்கொண்டே, "அமாவாசையில மீன் பிடிக்கலாமாடா?" என்றார்.

"பிடிக்கலாம். திங்கத்தான் கூடாது."

"எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"என் பொண்டாட்டி சொல்லியிருக்கா."

"அப்ப சரி லா" என்றார் அண்ணன்.

ஏற்றம் உச்சத்தை நெருங்கியபோது பலூன் ஒருமுறை தலையாட்டியது. பிறகு காணாமல் போனது. ரீல் கத்திய சத்தத்தில் பின்னால் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நூல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. "விடு, விடு, இழுக்காதே!" என்று அண்ணன் கத்தினார். "தெரியும்ணே!" என்று இவரும் கத்தினார். அடுத்திருந்தவர்கள் தங்கள் தூண்டில்களைச் சுருட்டி வழி விட்டார்கள். நூல் சிக்கக் கூடாதென்று தமிழும் மலாயும் சீனமுமாக ஆளாளுக்கு உத்தரவு. அவர் மீன் போன பக்கம் தடுப்புக்கம்பியோரமாக நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருமுறை மீன் தூணைச் சுற்றப் போனது. அவர் தடுப்புக்கம்பிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டித் தூண்டிலைத் தள்ளிப் பிடித்தார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன்.

கடைசியில் கீழே, பச்சைத் தண்ணீரில், நீளமாக ஒன்று பக்கவாட்டில் திரும்பியது. அண்ணன் வட்டவலையைக் கயிற்றில் இறக்கினார். முதல்முறை தவறியது. இரண்டாம் முறை தலை உள்ளே போயிற்று, வால் வெளியே நின்றது. "அப்படியே, அப்படியே" என்று அவர் முனகிக்கொண்டே இழுக்க, என் கணவரும் நானும் பெயர் தெரியாத ஒரு மலாய்க்காரரும் கயிற்றைப் பிடித்தோம். சிமெண்டுத் தரையில் அது விழுந்து அடித்த அடியில் என் தூக்குச்சட்டி உருண்டு கடலுக்குள் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

நீலமுதுகு, பக்கமெல்லாம் சாம்பல் கோடு, என் இடுப்பு உயரம். என் கணவர் முழங்காலிட்டு அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா" என்றார். கேலியாகத் தொடங்கிய சொல் பாதியில் வேறாகிவிட்டது. "நான் அடுத்த வருஷம் உன்னைக் கேட்டுட்டுத்தான் வருவேன்" என்றார். அதற்குள் அவர் நூலும் ஓடத் தொடங்கியது. சொன்னதை விட்டுவிட்டு ஓடினார். அன்று நண்பகலுக்குள் அந்தப் படகுத்துறையில் பலருக்கும் கிடைத்தது.

நாங்கள் பேருந்தில் வீடு திரும்பினோம். ஐஸ்பெட்டியில் மீன் கொள்ளவில்லை. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைத் துண்டால் சுற்றியிருந்தேன். ஓட்டுநர் என் கணவரின் சகா. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னண்ணே, லீவுலயும் பஸ்ஸுலயே சுத்துறீங்க?" என்றார்.

"சிக்னல்ல நிக்கட்டும், காட்டறேன்."

சிவப்பு விழுந்தது. இவர் எழுந்து போய் மூடியைத் திறந்தார். முன்னிருக்கைச் சீனப் பெண்மணி எட்டிப் பார்த்து, கிலோ என்ன விலை என்று கேட்டார். நாட் ஃபார் சேல் என்றார் இவர், ஒரு மந்திரியைப்போல.

"அடேயப்பா! எப்படிண்ணே சரியா லீவுல மாட்டுச்சு?" என்றார் ஓட்டுநர்.

என் கணவர் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைக் கை நீட்டிக் காட்டினார். பேருந்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "அதோ, அவங்க நாள் சொன்னாங்க" என்றார்.

"நாள் இல்ல. வாரம்தான் சொன்னேன்" என்றேன் நான். "நாள் சொல்ற அளவுக்கு இன்னும் தெரியாது."

பச்சை விழுந்தது. பெட்டியை மூடிவிட்டு வந்து உட்காரச் சொன்னேன்.